பேனரில் இருந்த பெண்

சுடர், தென்றல்... என் மகள்களே, இந்த வாரப் பத்தியை உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். மற்ற பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம், தடையில்லை.

சுடர், உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். "எழுதிக்க. ஆனா நான் பண்ணத மட்டும் எழுதாத, நீ பண்ணதையும் எழுது" என்றாய். நியாயம்தான். மற்ற பிள்ளைகளுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, இனிமேல் உன்னை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

சமீபத்தில் சிதம்பரத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் சீர்வரிசைத் தட்டு மட்டும் போதாது, பேனரும் வைக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கூடப் படிக்கிற அளவில், மண்டபத்து வாசலில். மேலே மணமக்கள். கீழே 'தாய்மாமன் குடும்பத்தார்' என்று எங்கள் படம். பேனர் இல்லாவிட்டால் அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ சண்டை என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

அந்தப் பேனரில்தான் வினை வந்தது.

அதற்கு முன்னால் சுடரின் துணிமணி பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சுடர் என் பெரிய மகள். கடலூர் ஓ.டி.யிலிருந்து, அதாவது ஓல்டு டவுனிலிருந்து, தினமும் பஸ் ஏறி சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள், இரண்டாம் வருடம். அவள் போடுவதெல்லாம் கைலித் துணியில் தைத்தது. ஆமாம்... ஆண்கள் இடுப்பில் கட்டுகிறோமே, அதே கட்டம் போட்ட கைலி! தோழியோடு, கைலி நெய்கிற குறிஞ்சிப்பாடிக்குப் போவாள். கடையில் அடுக்கி வைத்திருப்பதை எல்லாம் கலைத்துப் போட்டு, இரண்டு எடுத்துக்கொண்டு வருவாள். காலர் இல்லாத நீளச் சட்டை, தொளதொள பேன்ட், கை முழுசாக உள்ளே போகிற மாதிரி பாக்கெட். என் மனைவி செல்வி ரவிக்கை தைக்கிற மிஷின் வீட்டில் இருக்கிறது. இப்போது அதில் பாதி நேரம் சுடர்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை, பிள்ளைகளே. முதலில் தைத்த பேன்ட், உட்கார்ந்ததும் 'டர்ர்' என்றது. அடுத்த சட்டைக்குத் துணியைத் தண்ணீரில் நனைக்காமலே வெட்டிவிட்டாள். ஒரு துவையலில் அது சுருங்கி, ஏழாம் வகுப்பு படிக்கிற தென்றலுக்கு அளவாகிவிட்டது. மூன்றாவதின் சாயம் பக்கெட்டிலேயே இறங்கி, தென்றலின் வெள்ளை ஸ்கூல் சட்டையில் ஏறிக்கொண்டது.

"ஸ்டைல் பண்றது அவ. மிஸ்கிட்ட திட்டு வாங்குறது நானா?" என்று தென்றல் அன்றைக்கு ஆடிய ஆட்டம் இருக்கிறதே...

ஒரு நாள் கேட்டேன். "ஏம்மா, அப்பிடி என்ன இந்தக் கைலில?"

"காலேஜ்ல எல்லாரும் ஒரே ஆப்லதாம்ப்பா வாங்குறோம். ஒரு நாளு ஒரே டாப்ஸ்ல மூணு பேரு வந்து நிக்கிறோம். இத எதுக்கு வாங்குனோம்னு யோசிச்சேன்... எனக்கே தெரியல. பஸ்ல வேக்குது. பாக்கெட்டும் கெடையாது. யாரோ போட்டாங்கன்னு நானும் வாங்கிருக்கேன், அவ்ளோதான்."

"சரி, அதுக்குக் கைலியா?"

"நீ வேலைலேர்ந்து வந்து கைலி மாத்துன ஒடனே 'அப்பாடா'ன்னு ஒரு மூச்சு விடுவ பாரு. அந்த மூச்சு எனக்கும் வேணும்ப்பா."



அவளிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், அவசரப்படமாட்டாள். புதிதாகத் தைத்ததை முதலில் வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்கப் போட்டிருப்பாள். உட்காருவாள், எழுந்திருப்பாள், மாடியேறுவாள். மறுநாள் அதோடு கடைக்குப் போவாள். அதற்கப்புறம்தான் பஸ். முதல் தடவை பஸ்ஸில் கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "என்னம்மா, அப்பா கைலிய எடுத்துக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். "பரவால்லண்ணே, அப்பாவுக்கு வீட்ல இன்னும் நாலு இருக்கு" என்றாளாம் இவள். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை.

காலையில் கிளம்பும்போது வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி நிற்பாள். "எப்பிடி இருக்குப்பா?" என்பாள். தினமும் என்னைத்தான் கேட்பாள். நானும் பெரிய ஆள் மாதிரி, "கை கொஞ்சம் நீளம்", "இந்தக் கலர் நல்லாருக்கு" என்று ஏதாவது சொல்வேன்.

அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பத்தாவது வரை ஸ்கூல் யூனிஃபார்ம். ஐ.டி.ஐ.யில் காக்கி. அதற்கப்புறம் செம்மங்குப்பம் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் நீல யூனிஃபார்ம். விசேஷம் என்றால் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கடலுக்குப் போன என் அப்பாவுக்கு, நான் கம்பெனிச் சட்டை போட்டதே பெரிய பெருமை. ஆக, 'எனக்கு என்ன பிடிக்கும்' என்று ஒரு ஜவுளிக்கடையில் நின்று நான் யோசித்ததே கிடையாது. யார் யாரோ முடிவு செய்ததில் கையை நுழைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு சுடர் என்னிடம் வந்தாள்.

"அப்பா, அத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நானே ஒண்ணு தைக்கலாம்னு இருக்கேன். அரக்குக் கலர், மஞ்சக் கட்டம். ஒனக்குச் சங்கடமா இருந்தா இப்பவே சொல்லிடு. பொடவ கட்டிக்கிறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"சங்கடம் என்ன? தைம்மா. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

பிள்ளைகளே, இந்த 'நான் பாத்துக்கறேன்' இருக்கிறதே... அப்பாக்கள் வாயில் சுலபமாக வரும் சொல். சுடர் அதை நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து தைத்தாள். கழுத்தைச் சுற்றி மஞ்சள் நூலில் கையாலேயே சின்னச் சின்னத் தையல். கை சரியாக வரவில்லை என்று மூன்று தடவை பிரித்துத் தைத்தாள். முடித்த அன்று வாசலில் சுற்றி நின்றபோது, குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பேனருக்கு வேண்டிய படத்தை நான்தான் அனுப்பினேன். நாங்கள் நான்கு பேரும் சில்வர் பீச்சில் எடுத்தது. சுடர் பச்சைக் கட்டச் சட்டையில், தென்றல் தோளில் கை போட்டு, தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். நல்ல படம்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மச்சான், போட்டோ பாத்தேன். பாப்பா கைலில நிக்குதே?"

"அது சட்ட மாமா."

"சட்டைன்னாலும் கைலிதான? நாமளே இப்பதான் மச்சான் கைலிலேர்ந்து பேன்ட்டுக்கு வந்துருக்கோம். ஒம் பொண்ணு திரும்பவும் அங்கயே போவுது. சம்பந்தி வூட்டுக்காரங்க புவனகிரில பெரிய குடும்பம். அவுங்க நம்ம ஆளுங்கள மொதமொத பாக்கப்போறது அந்தப் பேனர்லதான். நா என்ன ஜாஸ்தியா கேட்டுட்டேன்? ஒரு படம், அவ்ளோதான்."

மாமா கெட்டவர் இல்லை. பயப்படுகிறவர். அவர் பயம் என்னிடமும் இருந்தது. அவர் சத்தமாகச் சொன்னார், நான் சொல்லாமல் வைத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேனர் அடிக்கிற ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பிக்கு இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

"டிரஸ்ஸ மாத்தணுமா? பத்து நிமிஷம்ணே. தலைய மட்டும் கட் பண்ணி எடுத்துக்கலாம். ஒடம்பு நம்மகிட்ட நெறைய இருக்கு."

"ஒடம்பா?"

"பட்டுப்பொடவைலயே முப்பது ஒடம்பு இருக்குண்ணே. எது வேணும், நீங்களே சொல்லுங்க."

தலையில்லாத முப்பது பெண்கள் திரையில் வரிசையாக நின்றார்கள். நான் ஒரு மயில்கழுத்து நிறத்தைக் காட்டினேன். சுடரின் தலை அதன் மேல் போய் உட்கார்ந்தது. ஆனால் அந்த உடம்பின் கை வெள்ளை வெளேர் என்று இருந்தது. கைக்கு ஏற்ற மாதிரி சுடரின் முகத்தையும் வெளுக்க வைத்தார் அந்தத் தம்பி. தென்றலைப் பார்த்துச் சாய்ந்திருந்த தலை, இப்போது யாரையும் பார்க்காமல் சும்மா சாய்ந்திருந்தது.

"ஒங்களுக்கும் கோட்டு போட்டுரவாண்ணே?"

"ஐயோ, வேணாம்ப்பா."

"தாய்மாமன்ணே நீங்க!"

"...சரி, போடு."

இப்படித்தான் நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோட்டு போட்டேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணக் கூட்டத்தில் யார் பேனரை நிமிர்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் எதற்காக மாற்றினாய் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். அன்றைக்கு அதை நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டப வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். சுடர் அரக்குக் கலர் உடுப்பில் இருந்தாள். காதில் ஜிமிக்கி, கொஞ்சம் மல்லிகைப்பூ. இறங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

பேனருக்குக் கிட்டே போய் நின்றாள். அப்புறம், "அப்பா, என் கை எப்பப்பா இவ்ளோ வெள்ளையாச்சு?" என்றாள்.

தென்றல் அதற்குள் எதிர்ப்பக்கம் ஓடிவிட்டாள். அங்கே மாப்பிள்ளை வீட்டார் வைத்த பேனர். "அக்கா! ஒன் ஒடம்பு இங்கயும் நிக்குது! இதே பொடவ, இதே மோதரம். தல மட்டும் வேற!"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"அந்த டிசைன் பண்ற தம்பி... அவனா ஏதோ பண்ணிட்டான் போலருக்கு" என்றேன்.

பொய். சுடர் அதையும் நம்பினாள். "சரி விடுப்பா, அவனுக்கு என்ன தெரியும்" என்று சிரித்துவிட்டு, கோட்டு போட்ட என் படத்தை போனில் எடுத்துக்கொண்டாள். அத்தோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

உள்ளே, வரவேற்பில் சந்தனம், கற்கண்டு வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் நானும் சுடரும் நின்றிருந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். வாட்டசாட்டமான மனிதர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான தாய்மாமன்? வாசல்ல பேனர் பாத்தேன். ஜோரா இருக்கு. அதுல பட்டுப்பொடவைல நிக்குதே, ஒங்க பெரிய பொண்ணு... வரலீங்களா?"

சுடர் எனக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறாள். என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 'இதோ, இவதாங்க' என்றால் முடிந்தது. இரண்டே சொல். எத்தனை நேரம் ஆகும்?

"வருது, வருது... இதோ வந்துரும்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். நான் மெதுவாகத் திரும்பினேன். சுடர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி என்னைப் பார்த்தாள். டிசைன் பண்ணிய தம்பி மேல் தப்பு இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மணப்பெண் அறைப் பக்கம் போய்விட்டாள்.

இருபது நிமிடம் கழித்து வந்தாள். என் அக்காவின் பட்டுப்புடவை, கழுத்தில் அக்காவின் நெக்லஸ், கை நிறைய வளையல். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"வந்துட்டேம்ப்பா" என்றாள்.

பிள்ளைகளே, என்னை இதுவரை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். எந்தத் திட்டும் எனக்கு இப்படி உறைத்ததில்லை.

பெரியப்பா மறுபடி அந்தப் பக்கம் வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இதான நம்ம பொண்ணு! பேனர்ல பாத்த மாதிரியே இருக்குதே!" சற்று முன்னால் தன் எதிரே நின்றிருந்த பெண்ணும் இவள்தான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஜனங்கள் பேனரைப் பார்க்கிற அளவுக்கு மனிதர்களைப் பார்ப்பதில்லை. இவர்கள் கண்ணுக்குப் பயந்துதான் நான் இத்தனையும் செய்தேன்!

இன்னொன்றும் கவனித்தேன். வெள்ளை வேட்டியில் நின்ற என்னிடம், 'பேனரில் கோட்டு போட்டவர் எங்கே, வரவில்லையா' என்று ஒருவரும் கேட்கவில்லை. பேனர் மாதிரி இருந்தே ஆகவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. என் மகளுக்கு மட்டும்தான் அது இருந்தது.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பாருடா தம்பி, மகாலட்சுமி மாரி இருக்கா. இத விட்டுட்டு அந்தக் கைலியப் போய்..." என்று கன்னத்தைத் தடவினாள். உண்மையைச் சொன்னால், புடவை சுடருக்கு நன்றாகத்தான் இருந்தது. புடவை மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளாக ஆசைப்பட்டுக் கட்டியிருந்தால் நானும் பூரித்துப் போயிருப்பேன்.

சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவளைத் தனியே கூப்பிட்டேன்.

"சுடர், பேனர மாத்தச் சொன்னது நாந்தாம்மா. தப்பு. போயி ஒன் டிரஸ்ஸயே போட்டுக்க."

"தெரியும்ப்பா. வேணாம்."

"போட்டுக்கம்மா. இப்ப யாராவது கேட்டா நான் சொல்றேன்."

"இப்ப யாரு கேக்கப்போறா? கேட்டப்ப நீ சொல்லல." வாளியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நான் மொதல்லயே கேட்டேன்ல... சங்கடம்னா சொல்லிடு, பொடவ கட்டிக்கிறேன்னு? சொல்லிருந்தா சந்தோஷமா கட்டிருப்பேன். நீ சரின்னுட்டு, பின்னாடி போயி என் தலைய வெட்டிட்ட."

வரிசையில் யாரோ பாயசம் கேட்டார்கள். போய்விட்டாள். மறுநாள் தாலி கட்டும்போதும் அதே மாதிரி இன்னொரு புடவையில் நின்றாள். எல்லாருடனும் சிரித்தாள், செல்ஃபி எடுத்துக்கொண்டாள், சீர்வரிசைத் தட்டு தூக்கிவந்தாள். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அரக்குக் கலர் உடுப்பு மட்டும் பைக்குள்ளேயே இருந்தது.

நான் பயந்தது ஒன்று. இவள் இனிமேல் கைலியில் தைப்பதையே விட்டுவிடுவாளோ என்று. நல்லவேளை, அப்படி நடக்கவில்லை. கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை காலை, அரக்குக் கலர் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் காலேஜுக்குக் கிளம்பினாள். மூன்று தடவை பிரித்துத் தைத்தது, மண்டபத்தில் பைக்குள் போனது, மறுபடி வெளியே வந்திருக்கிறது. வாசலில் வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எப்பிடி இருக்கும்மா?" என்று செல்வியைக் கேட்டாள்.

நான் பேப்பரும் கையுமாக அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

செல்வி என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் காதில் விழவில்லை. சுடர் என் பக்கம் திரும்பி, "வரேம்ப்பா" என்றாள். மரியாதைக்குக் குறைவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

பிள்ளைகளே, உங்களுக்குப் பிடித்த மாதிரி உடுத்திக்கொள்ளுங்கள் என்று நான் எழுதிவிட்டுப் போகலாம். அது சுலபம். பிடித்தது எது என்று கண்டுபிடிக்கவே சுடருக்கு ஒரு வருடமும், மூன்று கெட்டுப்போன துணியும் ஆகியிருக்கிறது. அதையும் அவளே பார்த்துக்கொண்டாள். கண்டக்டரை அவளே சமாளித்தாள். யார் உதவியும் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு ஆள் கேட்ட கேள்விக்கு, பக்கத்தில் நின்ற அப்பா இரண்டு சொல் பேச வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் இதைப் பெரியவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கு இந்த இடத்தை இரண்டாவது தடவை படித்துக் காட்டுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். கம்பெனி கேட்டுக்கு வெளியே, வேப்ப மரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு போனைப் பார்த்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பேனர் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே இதயம், கைதட்டல், 'சூப்பர்', 'மகாலட்சுமி'. மாமா மூன்று இதயம் போட்டிருந்தார். சம்பந்தி வீட்டுப் பெரியப்பாவையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

சில்வர் பீச் படத்தைத் தேடி எடுத்தேன். பச்சைக் கட்டச் சட்டை, சாய்ந்த தலை, அவளுடைய கை, அவளுடைய நிறம். அதைப் போட்டுக் கீழே டைப் செய்தேன்: 'இதுதான் என் மகள் சுடர். போட்டிருப்பது கைலித் துணி. அவளே தைத்தது. பேனரில் மாற்றச் சொன்னது நான்தான். மண்டபத்தில் என் பக்கத்தில் நின்றதும் இவள்தான்.'

அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. யாரோ டைப் செய்கிறார் என்று மேலே காட்டியது.

பிளான்ட்டுக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. அழிக்க வேண்டுமென்றால் அந்த நிமிடம்தான். கேட்டில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டு, எட்டு மணி நேரத்துக்கு உள்ளே போனேன்.